கொங்கு நாட்டிலிருந்து டிரையத்லான்: பயிற்சி, பயணம், பந்தயம் – முழுமையான வழிகாட்டி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் கடிகாரத்தை நிறுத்தாமல் முடிப்பது டிரையத்லான். ஒன்றிரண்டு பந்தயம் முடித்துவிட்டு, இனி இதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கோவை, ஈரோடு, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் பக்கம் இருந்துகொண்டே தொழில்முறை அளவுக்குப் பயிற்சி எடுக்க முடியும். காற்று, மலை, வெயில், சாப்பாடு நான்கும் இங்கேயே கிடைக்கின்றன. இல்லாதது கடல் ஒன்றுதான். அதைத் தேடிப் போகும் பயணங்களை முன்கூட்டியே திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.

நன்றாக வருபவர்கள் எல்லோருமே ஆளைக் கொல்லும் பயிற்சி செய்பவர்கள் அல்ல. காய்ச்சல், விபத்து, வயிற்றுக் கோளாறு, காயம் என்று நாட்களை இழக்காதவர்களே வருடக் கடைசியில் முன்னால் நிற்கிறார்கள். கீழே சொல்லும் பலவும் அந்த நாட்களைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

முதலில் எந்தத் தூரம் என்று முடிவு செய்யுங்கள்

ஸ்பிரின்ட் பந்தயம் 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். ஒலிம்பிக் தூரம் அதில் இரட்டிப்பு: 1500 மீட்டர், 40 கி.மீ., 10 கி.மீ. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமானது இந்தத் தூரம்தான். 70.3 என்பது அரை அயர்ன்மேன்: 1.9 கி.மீ., 90 கி.மீ., 21.1 கி.மீ. முழு அயர்ன்மேன் 3.8 கி.மீ., 180 கி.மீ., 42.2 கி.மீ. 2024-ல் தொடங்கிய டி100 தொடர் 2 கி.மீ., 80 கி.மீ., 18 கி.மீ. என ஒலிம்பிக் தூரத்துக்கும் 70.3-க்கும் நடுவில் நிற்கிறது.

எலீட் (தொழில்முறை) வீரர் ஆக இரண்டு வழிகள். ஒன்று, தேசிய சம்மேளனம் மூலம், உலகச் சம்மேளனமான வேர்ல்டு டிரையத்லான் நடத்தும் குறுந்தூரப் போட்டிகளுக்குப் போவது. இதில் ஒருவர் பின்னால் ஒட்டி ஓட்டும் டிராஃப்டிங் அனுமதி உண்டு. சாதாரண ரோடு பைக் போதும். ஆனால் தண்ணீரிலிருந்து முன்வரிசைக் கூட்டத்தோடு வெளியே வராவிட்டால் அன்றைய பந்தயம் அங்கேயே முடிந்த மாதிரிதான். சைக்கிளில் முன்னணி வீரர் ஒரு சுற்று முந்திவிட்டால் உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். முன்னணி ஆண்கள் 1500 மீட்டரைச் சுமார் 18 நிமிடத்தில் நீந்துகிறார்கள். அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்கள் என்று நேர்மையாகப் பாருங்கள்.

இன்னொன்று 70.3, அயர்ன்மேன் போன்ற நெடுந்தூரம். டிராஃப்டிங் கூடாது, கையை முன்னால் நீட்டிக் குனிந்து ஓட்ட உதவும் ஏரோ பாருள்ள டைம் டிரையல் பைக் வேண்டும், சொந்தக் காலில்தான் எல்லாம். இருபது வயதுக்கு மேல் நீச்சல் கற்றவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். நீச்சலில் 5 நிமிடம் இழந்தாலும் மிச்சமிருக்கும் மூன்றரை மணி நேரத்தில் பிடித்துவிட வாய்ப்பு இருக்கிறது. தொழில்முறை உரிமம் கேட்பதற்கு முன் வயதுப் பிரிவில் இரண்டு மூன்று சீசன் ஓடி, மேடை ஏறும் அளவுக்கு வந்திருக்க வேண்டும். உரிமத்துக்கான விதிகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் சம்மேளனத்திடம் அந்தந்த வருடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கத்திய வருடத்தை அறிந்து திட்டம் போடுங்கள்

வெளிநாட்டுப் பயிற்சித் திட்டத்தை அப்படியே இறக்கிப் போட்டால் கொங்கு நாட்டில் வேலைக்கு ஆகாது. இங்கே பருவம் வேறு.

ஜனவரி, பிப்ரவரி பயிற்சிக்குத் தங்கமான மாதங்கள். பனி, குளிர், காற்று குறைவு. ஆனால் தைப்பூசத்தை ஒட்டி உடுமலை, தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் பழனி போகும் எல்லாச் சாலையிலும் பாதயாத்திரைக் கூட்டம் இரவும் விடியலும் நடந்துகொண்டே இருக்கும். காவடியோடு, குழந்தைகளோடு சாலையோரம் வருகிறவர்கள் நடுவே மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஏரோ பாரில் குனிந்து போகக் கூடாது. அந்த இரண்டு வாரம் வடக்குப் பக்கம், கோபி–சத்தி சாலைகளுக்குப் போய்விடுங்கள்.

மார்ச் முதல் மே வரை வெயில். ஈரோடு, கரூரில் காலை எட்டு மணிக்கே அனல் அடிக்கும். நீண்ட பயிற்சிகள் 4:45-க்குத் தொடங்கி 8-க்குள் முடிய வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் திறந்துகொள்ளும், அதைத் தனியாகச் சொல்கிறோம். செப்டம்பர், அக்டோபர் கூர் தீட்டும் காலம். கோவா 70.3 பந்தயம் 2019-ல் தொடங்கியதிலிருந்து அக்டோபர் அல்லது நவம்பரில்தான் நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே சைக்கிள் குறையும், வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் கருவி) ஏறிக்கொள்ளலாம். அந்த மாதங்களில் டெங்குவும் சுற்றும். காய்ச்சல் வந்தால் பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன் வலி மாத்திரை வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்கு என்றால் ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவை அதிகமாக்கும்.

அளந்த பிறகே பயிற்சி

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மூன்று சோதனைகள்.

நீச்சல்: நன்றாக வார்ம்-அப் செய்து 400 மீட்டர் முழு வேகத்தில். பத்து நிமிடம் மெதுவாக நீந்தி ஆறிய பின் 200 மீட்டர் முழு வேகத்தில். இரண்டு நேரங்களின் வித்தியாசத்தை இரண்டால் வகுத்தால் 100 மீட்டருக்கான உங்கள் எல்லை வேகம். 400 மீட்டருக்கு 8:00, 200 மீட்டருக்கு 3:50 என்றால் வித்தியாசம் 250 வினாடி. எல்லை வேகம் 100 மீட்டருக்கு 2:05. முக்கிய செட்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

சைக்கிள்: 20 நிமிடம் முழு முயற்சி, பவர் மீட்டர் காட்டும் சராசரி வாட்ஸில் 95 சதவீதம் உங்கள் எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வாட்ஸ்). சமதளத்தில் நாய், ஸ்பீடு பிரேக்கர், ஆட்டு மந்தை என்று 20 நிமிடம் தடையில்லாமல் கிடைப்பது அபூர்வம். மேட்டுப்பாளையம்–கோத்தகிரி ஏற்றத்தின் தொடக்கப் பகுதி இதற்குப் பொருத்தம். சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு அடிவாரம்.

ஓட்டம்: தனியாக 30 நிமிடம் முழு முயற்சி, அதில் கடைசி 20 நிமிடத்தின் சராசரி இதயத் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுநேர வீரரின் வாரம் 20 முதல் 28 மணி நேரம் வரை போகும். வேலைக்குப் போகிறவருக்கு 10 முதல் 13. இரண்டு பேருக்கும் விகிதம் ஒன்றுதான்: பத்தில் எட்டுப் பங்கு நேரம், பேசிக்கொண்டே செய்யக்கூடிய சுலபமான வேகம். நம்மூர்க் குழுப் பயணங்களில் இதுதான் கெடுகிறது. ஞாயிறு காலை இருபது பேர் சேர்ந்தால் பத்தாவது கிலோமீட்டரிலேயே போட்டி ஆரம்பித்துவிடும். நடுத்தர வேகத்திலேயே எல்லா நாளும் ஓட்டி, கடினமான நாளில் கடினமாகச் செய்ய உடம்பில் எதுவும் மிஞ்சாது. குழுவோடு போவதானால் மாதம் இருமுறை போங்கள்.

நீச்சல்: குளம், கிணறு, கடல்

பெரும்பாலான குளங்கள் 25 மீட்டர். காலை பேட்ச்களில் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் நிறைந்திருப்பார்கள். முதல் பேட்ச் தொடங்குவதற்கு முந்தைய நேரத்தையோ மதியம் ஒரு மணி நேரத்தையோ மாதச் சந்தாவாகப் பேசி ஒரு லேனை உறுதி செய்யுங்கள். நெடுந்தூரத்துக்கு வாரம் 15 முதல் 20 கி.மீ. வேண்டும். ஒரு நல்ல செட்: 400 வார்ம்-அப், 8×50 டிரில் (நுட்பப் பயிற்சி), பின் எல்லை வேகத்தில் 20×100, ஒவ்வொன்றுக்கும் இடையில் 15 வினாடி ஓய்வு, 300 மெதுவாக. கடைசி ஐந்து நூறும் முதல் ஐந்தும் 2 வினாடிக்கு மேல் வேறுபட்டால் தொடக்கம் வேகமாகிவிட்டது என்று அர்த்தம்.

தோட்டத்துக் கிணறுகளில் நீந்திப் பழகியவர்களுக்கு ஆழத்தின் பயம் கிடையாது. அது பெரிய சொத்து. கிணற்றை இரண்டு வேலைக்குப் பயன்படுத்தலாம். இடுப்பில் பெல்ட் கட்டி, ரப்பர் டியூபால் படிக்கல்லோடு பிணைத்து, நின்ற இடத்திலேயே 10×2 நிமிடம் நீந்துவது ஒன்று. சுவரை உதைக்காமல் வட்டமாக, ஐந்து சுற்று இடமாகவும் ஐந்து சுற்று வலமாகவும் நீந்தி, மிதவையை வளைந்து திரும்பப் பழகுவது இன்னொன்று. மோட்டார் ஓடும்போது இறங்கக் கூடாது. மேலே ஒரு ஆள், கையில் கயிறு அவசியம். கோடையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது தலைகீழாகக் குதிக்கக் கூடாது. பல வருடம் இறைக்காத பாழுங்கிணற்றில் விஷவாயு தங்கியிருக்கும், எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

பரம்பிக்குளம்–ஆழியாறு (பிஏபி) வாய்க்கால், கீழ்பவானி வாய்க்கால், ஆழியாறு, பவானிசாகர் எதிலும் பயிற்சி வேண்டாம். வாய்க்காலில் கான்கிரீட் சரிவு பாசி பிடித்து வழுக்கும். மதகு அருகே இழுப்பு எவ்வளவு என்று மேலிருந்து தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள்.

கடலுக்கு, கோவையிலிருந்து காலையில் கிளம்பினால் கேரளக் கடற்கரைக்கு மூன்று நாலு மணி நேரத்தில் போய்விடலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் கடல் கொந்தளிக்கும், இறங்கவே கூடாது. பந்தயத்துக்கு முந்தைய எட்டு வாரத்தில் குறைந்தது மூன்று முறை கடலில் நீந்துங்கள், இடுப்பில் கட்டும் மிதவையோடு, உள்ளூர் மீனவர்களிடம் இழுப்பு எங்கே என்று கேட்டுவிட்டு. முதல் முறை 200 மீட்டர் கரைக்கு இணையாக மட்டும். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது அலைக்கு அடியில் புகுந்து போக வேண்டும். எதிர்த்து நின்றால் ஒவ்வொரு அலையும் ஐந்து மீட்டர் பின்னால் தள்ளும்.

திசை பார்ப்பதைக் குளத்திலேயே பழகலாம். ஆறு முதல் எட்டு வீச்சுக்கு ஒருமுறை கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வரட்டும், வாய் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், பிறகு பக்கவாட்டில் திரும்பி மூச்சு. தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும். கோவா, கேரளக் கடல்களில் வெட்சூட் (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) அனுமதிக்கும் குளிர் கிடையாது. அயர்ன்மேன் வயதுப் பிரிவில் 24.5 டிகிரி வரைதான் போடலாம். ஆகவே கால் மிதக்க உதவி இருக்காது என்று வைத்தே உடல் நிலையைச் சரிசெய்ய வேண்டும். டிரில்லில் ‘புல் பாய்’ எனும், தொடைகளுக்கு நடுவில் வைக்கும் மிதவையை அளவோடு வையுங்கள்.

சைக்கிள்: காற்றும் மலையும்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் அலங்காரப் பேச்சு அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருங்கி, கோவை, பொள்ளாச்சி வழியாகக் கிழக்கே பாய்கிறது. அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இந்த மூன்று மாதத்தை வீணாக்காதீர்கள். சமதளத்திலேயே மணிக்கணக்கில் ஏற்றம் ஏறும் பலன் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இது: போகும்போது மேற்கே, எதிர்க்காற்றில். திரும்பும்போது கிழக்கே. மாற்றிச் செய்தால் களைத்த காலோடு எதிர்க்காற்றில் வீடு வந்து சேர நேரிடும், கடைசி ஒரு மணி நேரம் வெறும் தவிப்பு. தாராபுரத்துக்காரர்கள் உடுமலை நோக்கிப் போய்த் திரும்புவது நல்ல வழி. வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், மீட்டரில் வாட்ஸ் மட்டும் தெரியட்டும். 4×15 நிமிடம், எஃப்டிபியில் 80 முதல் 85 சதவீதம், ஏரோ பாரில் குனிந்தபடி. இடையில் 5 நிமிடம் நிமிர்ந்து ஓட்டலாம். எதிர்க்காற்றில் இயல்பாகவே வாட்ஸ் கூடிவிடும். முதல் பத்து நிமிடத்தில் 95 சதவீதம் காட்டினால் கியரைக் குறையுங்கள்.

பக்கக் காற்றுதான் ஆபத்து. லாரி ஒன்று உங்களைத் தாண்டும்போது காற்று ஒரு நொடி நின்று, பின் மொத்தமாக அடிக்கும், முன்சக்கரம் அரை மீட்டர் இழுக்கும். 60, 80 மி.மீ. உயரமுள்ள ரிம்களை இந்த மாதங்களில் முன்சக்கரத்தில் போடாதீர்கள், 40-க்குள் இருக்கட்டும். லாரி சத்தம் கேட்டதும் ஏரோ பாரிலிருந்து கையை எடுத்து அடி ஹேண்டில்பாரைப் பிடியுங்கள். வாளையாறு, மதுக்கரைப் பக்கம் லாரிகள் ஓயாது. நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் பயிற்சிக்கான இடமே அல்ல.

திருப்பூர்ச் சுற்றுப்புறத்தில் காலை ஏழரை முதல் ஒன்பது வரை கம்பெனி வண்டிகள் ஓட்டமாய் ஓடும். அதற்குள் வீடு திரும்பிவிடுங்கள். கிளைச் சாலைகளில் அறுவடைக் காலத்தில் சோளம், கொள்ளு, எள் என்று தார்ச்சாலையிலேயே காய வைத்திருப்பார்கள். அதன் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கும், பயிர்த் தட்டை டெரெய்லரில் (செயினைக் கியர் மாற்றும் பகுதி) சுற்றிக்கொண்டு, அதைத் தாங்கும் ஹேங்கரை முறித்துவிடும். இறங்கி, தூக்கிக்கொண்டு நடந்து தாண்டுங்கள். அது அவர்கள் வருடத்துக் கூலியும்கூட.

முள் இங்கத்திய பெரிய எதிரி. சீமைக்கருவேலம், கிளுவை வேலி வெட்டிப்போட்ட பிறகு சாலையோரம் முழுக்க முள் கிடக்கும். டியூப்லெஸ் 28 மி.மீ. டயர், ஒவ்வொன்றிலும் 40 முதல் 50 மி.லி. சீலண்ட். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். குலுக்கினால் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊற்ற வேண்டிய நேரம். 65 கிலோ ஆளுக்கு 65 முதல் 70 பிஎஸ்ஐ போதும். 100 அடித்தால் வேகம் கூடாது, அதிர்வுதான் கூடும். முள் குத்தியதும் பிடுங்காதீர்கள். வால்வைத் தவிர்த்து, முள் இருக்கும் இடத்தைத் தரைப்பக்கம் திருப்பி அரை நிமிடம் வையுங்கள், சீலண்ட் அங்கே இறங்கட்டும். பிறகு முள்ளை எடுத்து, நுரை நின்றால் கிளம்பலாம். நிற்கவில்லை என்றால் பிளக் ஊசியால் ரப்பர் திரியை முக்கால் பாகம் உள்ளே செருகி, ஊசியைச் சட்டென இழுத்துவிட வேண்டும். மெதுவாக இழுத்தால் திரியும் கூடவே வந்துவிடும்.

ஏற்றங்களில் எங்கள் முதல் தேர்வு மேட்டுப்பாளையம்–கோத்தகிரி. 30 கி.மீ.க்கு மேல் நீளம், சீரான சரிவு. ஏப்ரல், மே சீசனில் நீலகிரிச் சாலைகளை ஒருவழியாக்குவார்கள், அப்போது தவிர்க்கவும். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. கொல்லிமலையில் இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். ரிம் பிரேக்கும் கார்பன் ரிம்மும் உள்ளவர்கள் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி உரிந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வளைவில் முழுதாக விட வேண்டும். அங்கே அலுமினிய ரிம் போட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம். திம்பம், வால்பாறை இரண்டும் யானை, சிறுத்தை நடமாடும் காடு. விடியற்காலையில் தனியாக அங்கே போகாதீர்கள்.

ஓட்டம்

சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடும் பிரிக் பயிற்சி வாரம் ஒன்று போதும், 20 முதல் 30 நிமிடம். முதல் ஒரு கிலோமீட்டர் கால் இரும்பாக இருக்கும். வேகம் மெதுவாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் கடிகாரம் வேறு சொல்லும். எல்லோரும் வேகமாகத்தான் கிளம்புகிறார்கள். கோவை ரேஸ்கோர்ஸ் சுற்று சுமார் 2.5 கி.மீ. என்பதால் சுற்றுக்குச் சுற்று நேரம் ஒப்பிட வசதி. நீண்ட ஓட்டத்தைத் தோட்டத்து மண் பாதைகளில் வைத்துக்கொண்டால் கணுக்கால், முழங்கால் தப்பிக்கும். வாரத் தூரத்தைக் கூட்டுவதில் அவசரம் வேண்டாம், நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும்

அன்றாடச் சாப்பாட்டுக்கு வெளியூர் பார்க்கவே தேவையில்லை. ராகிக் களி, கம்மஞ்சோறு, அரிசியும் பருப்பும், கொள்ளுப் பருப்பு, முட்டை, நாட்டுக்கோழி, மோர். கடினமான பயிற்சிக்கு முந்தைய வேளையில் மட்டும் நார்ச்சத்தைக் குறையுங்கள். களியும் கொள்ளும் அன்றைக்கு வயிற்றில் கல்லாகக் கிடக்கும். சந்தவையும் நாட்டுச்சர்க்கரையும் அந்த வேளைக்கு அருமை, தேங்காய் மட்டும் வேண்டாம்.

ஓட்டும்போது மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து இறங்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்: 750 மி.லி. தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை பாதி. சர்க்கரையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் பாதிக்குப் பாதி இருப்பதால் குடல் இரண்டு வழியாகவும் உறிஞ்சும். நாட்டுச்சர்க்கரையில் வண்டல் நின்று பாட்டில் வாயை அடைக்கும், வெயிலில் நாலு மணி நேரத்தில் புளித்தும் போகும். பந்தய நாளுக்கு வெள்ளைச் சர்க்கரையே சரி. குடலுக்கும் பயிற்சி வேண்டும். பந்தயத்துக்கு எட்டு வாரம் முன்பு மணிக்கு 40 கிராமில் தொடங்கி வாரம் 10 கிராம் கூட்டுங்கள்.

பொள்ளாச்சி இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் மிகக் குறைவு. வியர்வையில் போவது சோடியம். நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு வெறும் இளநீரும் தண்ணீருமாகக் குடிப்பவர்களுக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வருவது இதனால்தான். உங்கள் வியர்வையை அளந்து பாருங்கள். உடையில்லாமல் எடை பார்த்து, ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டினால் மணிக்கு இத்தனை லிட்டர் என்று வரும். அதில் மூன்றில் இரண்டு பங்கைக் குடிக்க இலக்கு வையுங்கள். ஒரு கிராம் உப்பில் சுமார் 390 மி.கி. சோடியம்.

பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச் சேமிப்பு) பார்த்துவிடுங்கள். பயிற்சி சரியாக இருந்தும் வேகம் இறங்கினால் பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

டிரிப்ஸ், லேகியம், ஊசி: ஒரு எச்சரிக்கை

சோர்வாக இருந்தால் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது நம்மூரில் சாதாரணம். போட்டியாளருக்கு அது தடை. 12 மணி நேரத்தில் 100 மி.லி.க்கு மேல் நரம்பில் எதை ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சையின் பகுதியாக இல்லாவிட்டால், ஊக்கமருந்து விதி மீறல். காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் ஸ்டீராய்டு இருக்கலாம், அதைப் போட்டிக் காலத்தில் ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுக்கக் கூடாது. டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள், சீட்டில் எழுதி வாங்குங்கள். மூச்சிழுப்புக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்குள். லேபிளில் பொருள் விவரம் இல்லாத லேகியம், பொடி, ஜிம்மில் கொடுக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் மாறும்.

ஊக்கமருந்துப் பரிசோதனைப் பட்டியலில் பெயர் வந்தால் தினமும் எங்கே இருப்பீர்கள் என்று ஒரு 60 நிமிட நேரத்தோடு பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். திடீரென்று கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாலும் முதலில் ஆப்பில் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

சைக்கிளைக் கட்டிக்கொண்டு பயணம்

1. சீட் போஸ்ட், ஏரோ பார் இருக்கும் இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள்.
2. பெடலைக் கழற்ற, ஸ்பேனரை மேலே நிமிர்த்தி வைத்துப் பின்சக்கரப் பக்கம் தள்ளுங்கள். இடப்பக்க மரை தலைகீழ் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் இந்த ஒரே விதி பொருந்தும்.
3. பின் டெரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றித் துணி சுற்றிச் செயின்ஸ்டே (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க் குழாய்) உள்பக்கம் கட்டுங்கள். உதிரி ஹேங்கர் ஒன்று கட்டாயம் பையில் இருக்க வேண்டும். அது உங்கள் ஃபிரேமுக்கு மட்டுமே பொருந்தும் வகை, போன ஊரில் கிடைக்காது.
4. டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தை எடுத்ததும் பேடுகளுக்கு நடுவில் ஸ்பேசர் செருகுங்கள். தெரியாமல் லீவரை அழுத்திவிட்டால் பேடு ஒட்டிக்கொண்டு சக்கரம் ஏறாது. ரோட்டரைக் கழற்றித் தனியாக அட்டைக்கு நடுவில் வையுங்கள்.
5. டயர் காற்றைப் பாதியாக்கினால் போதும். முழுதாக இறக்கினால் டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டு விலகி, ஹோட்டல் அறையில் சீலண்ட் கொட்டும்.

ஹெல்மெட், ஷூ, பெடல், கண்ணாடி, டிரைசூட் எல்லாம் கையோடு விமானத்துக்குள். பெட்டி வராமல் போனாலும் வாடகை சைக்கிளில் பந்தயம் ஓடலாம். எலக்ட்ரானிக் கியரின் கழற்றக்கூடிய பேட்டரிகளும் கையில்தான். டயருக்குக் காற்றடிக்கும் சிஓ2 சிலிண்டரைப் பந்தய ஊரில் வாங்குங்கள். சீட் போஸ்ட், ஸ்டெம் இறுக்க 4 முதல் 6 நியூட்டன் மீட்டர் காட்டும் சின்ன டார்க் ரென்ச் கொண்டுபோங்கள், கையளவில் இறுக்கிக் கார்பன் விரிசல் விட்டவர்கள் ஏராளம். ரயிலில் பார்சலாகப் போட்டால், வழியில் இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் இறக்காமலே வண்டி போய்விடும் அபாயம் உண்டு. கோவாவுக்கு நாலு பேர் சேர்ந்து காரில் போவதுதான் நிம்மதி. ஈரப்பத வெக்கைக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும். அத்தனை நாள் முன்பே போக முடியாதவர்கள், வீட்டிலேயே மின்விசிறி இல்லாமல் டிரெய்னரில் தினம் 60 நிமிடம், சுலப வேகத்தில், பத்து நாள் செய்யட்டும்.

பந்தய நாள்

மூன்று மணி நேரம் முன்பு இட்லி ஐந்தாறு, நாட்டுச்சர்க்கரை அல்லது தேன். சாம்பார், தேங்காய்ச் சட்னி வேண்டாம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வாசலின்.

டிரான்சிஷனில் (ஒரு பிரிவிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடம்) ஹெல்மெட்டை ஏரோ பார் மேல் தலைகீழாக, வார் இரண்டும் வெளியே விரிந்தபடி வையுங்கள். பக்கிளை மாட்டாமல் சைக்கிளைத் தொட்டால் தண்டனை. சைக்கிள் ஏறுவதற்கான கோட்டைத் தாண்டிய பிறகே ஏற வேண்டும். சைக்கிளில் முன்னவரிடமிருந்து 12 மீட்டர் இடைவெளி, முந்த நுழைந்தால் 25 வினாடிக்குள் முந்திவிட வேண்டும். அயர்ன்மேன் விதிப்படி டிராஃப்டிங்குக்கு 5 நிமிடம் கூடாரத்தில் நிற்க நேரிடும். இயர்போன், வெளியாள் உதவி இரண்டும் கூடாது. 70.3-ல் நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், மொத்தத்துக்கு 8 மணி 30 நிமிடம் கெடு.

வாட்ஸ் எஃப்டிபியில் 75 முதல் 80 சதவீதம். முதல் 20 கி.மீ. அதற்கும் கீழே. குடிப்பதற்குக் கடிகாரத்தில் 12 நிமிட அலாரம். ஓட்டத்தில் ஒவ்வொரு தண்ணீர் மேஜையிலும் ஐஸைத் தொப்பிக்குள்ளும் டிரைசூட் மார்புப் பக்கமும் போட்டுக்கொண்டு நாலடி நடந்தே குடியுங்கள், ஓடிக்கொண்டே குடித்தால் பாதி சட்டையில்தான் போகும். வியர்வை நின்று உடம்பு சில்லிட்டால், மெய்சிலிர்த்தால், வெயில் தாக்கு தொடங்கிவிட்டது. அங்கேயே நிறுத்தி மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள்.

பணமும் ஊர் திரும்பலும்

பரிசுத்தொகை முதல் சிலருக்குத்தான். முதல் மூன்று வருடத்துக்கு வேலையோ, விளையாட்டு ஒதுக்கீட்டுப் பணியோ, பயிற்சியாளர் வருமானமோ இல்லாமல் இறங்காதீர்கள். திருப்பூர் பக்கத்தில் இருப்பது ஒரு வரம். பாலியஸ்டர்–எலாஸ்டேன் துணியில் சப்ளிமேஷன் பிரிண்ட் போட்டு டிரைசூட் தைத்துத் தரும் யூனிட்டுகள் உண்டு. பணமாகக் கேட்பதை விட உடையாகக் கேட்டால் ஸ்பான்சர் எளிதாக இசைவார். தையல் ஃபிளாட்லாக்காக (தோலில் உராயாத தட்டைத் தையல்) இருக்கட்டும், இரண்டு முறை உப்புநீரில் நீந்தி, ஓடிப் பார்த்த பிறகே பந்தயத்துக்குப் போடுங்கள்.

ஊர் வந்ததும் முதல் வேலை சைக்கிள். கடற்கரைப் பந்தயத்தில் வியர்வையும் உப்புக்காற்றும் ஹேண்டில் திரும்பும் ஹெட்செட் பேரிங்கிலும் ஏரோ பார் போல்ட்டிலும் இறங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி கிரீஸ் தடவி மாட்டுங்கள். செயின் தேய்மானம் 0.5 சதவீதம் தாண்டினால் மாற்றிவிடுங்கள். உங்களுக்கு 70.3-க்குப் பிறகு ஐந்து நாள் ஓட்டம் கிடையாது. இரண்டாம் நாள் 20 நிமிட நீச்சல், நான்காம் நாள் ஒரு மணி நேரச் சைக்கிள். காலையில் எழுந்ததும் எடுக்கும் இதயத் துடிப்பு வழக்கத்தை விட 7, 8 கூடுதலாகவே இருந்தால், அது இறங்கும் வரை அடுத்த திட்டத்தைத் தொடங்க வேண்டாம்.